மரத்தைத் திறந்த மூன்று சாவிகள் - திருவக்கரை முதல் மைக்ரோவேவ் வரை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் கண்டமங்கலத்தைத் தாண்டாமல் போக முடியாது. அந்த ஊரிலிருந்து வடக்கே சில மைல் தள்ளி, சங்கராபரணி ஆற்றை ஒட்டி இருக்கிறது திருவக்கரை. பௌர்ணமி தோறும் வக்ரகாளியம்மனைப் பார்க்க அங்கே கூட்டம் அலைமோதும். ஆனால் கோயிலுக்குப் பக்கத்திலேயே உள்ள இன்னோர் இடத்துக்குப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதுதான் தேசியக் கல்மரப் பூங்கா.

செம்மண் பூமியில் மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பட்டையின் வரிகள் போல வரிகள், முடிச்சுகள், வளையங்கள் எல்லாம் அப்படியே தெரிகின்றன. தொட்டால் கல்! சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் இவை என்கிறார்கள் புவியியல் அறிஞர்கள். 1781-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா இவற்றைப் பற்றி முதன்முதலில் பதிவு செய்தார். இப்போது சுமார் 247 ஏக்கர் பரப்பை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிறது.

சரி, கல்மரத்துக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. மரத்துக்குள் வேறொரு பொருளை நுழைத்து அதன் குணத்தையே மாற்றுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அந்தக் கேள்விக்கு முதல் விடை கண்டது இயற்கை. இரண்டாவது விடை டேராடூனில் வேலை பார்த்த ஓர் இந்தியர் வழியாக உலகெங்கும் பரவியது. மூன்றாவது விடைதான் மைக்ரோவேவ். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால், நம்மூர் சவுக்குத் தோப்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது புரியும்.

மரம் என்பது குழாய்களின் கட்டு

மரத்துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஒரு திடப்பொருளாகவே தெரியாது. ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு போல இருக்கும். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் பாதைகள் அவை. பெரும்பாலான செல்கள் மரத்தின் நீளவாக்கில் நிற்கின்றன. மையத்திலிருந்து பட்டையை நோக்கிக் குறுக்கே ஓடும் மெல்லிய செல் வரிசைகளும் உண்டு. இவற்றுக்குக் கதிர்ச் செல்கள் என்று பெயர்.

ஒரு குழாயிலிருந்து பக்கத்துக் குழாய்க்குப் போகச் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகளில் நுண்ணிய சவ்வுகள். மரம் உயிரோடு இருக்கும்போது தண்ணீர் இவற்றின் வழியாகத்தான் கடக்கிறது. மரம் வயதாக ஆக, நடுப்பகுதியில் உள்ள குழாய்கள் வேலையை நிறுத்திவிடும். பிசினும் சாயப்பொருளும் அங்கே படியும். கதவுகள் மூடிக்கொள்ளும். இதைத்தான் நம் ஆசாரிகள் "வைரம் பாய்ந்த கட்டை" என்கிறார்கள். வெளிப்புறத்து வெளுத்த பகுதியில் கதவுகள் திறந்தே இருக்கும். சர்க்கரையும் மாவுச்சத்தும் அங்கே மிச்சம் இருக்கும். அதனால் வண்டும் கரையானும் முதலில் கை வைப்பது அந்த வெள்ளைப் பகுதியில்தான்.

ஆக, வைரம் தானாகவே நிலைக்கும். ஆனால் மருந்து உள்ளே போகாது. வெள்ளைப் பகுதியில் மருந்து போகும். ஆனால் மருந்து இல்லாவிட்டால் அது நிலைக்காது. மரத்தைப் பதப்படுத்தும் கலையின் முழு வரலாறும் இந்தச் சிக்கலுக்குள் அடங்கிவிடுகிறது.

முதல் சாவி: காலம்

திருவக்கரையில் நடந்தது என்ன? பழங்கால வெள்ளம் ஒன்று அடிமரங்களை அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது. பூங்காவில் உள்ள கல்மரங்களில் கிளையும் வேரும் காணப்படாததை வைத்து, இவை வேறெங்கோ வளர்ந்து இங்கே வந்து சேர்ந்தவை என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். மண்ணுக்கு அடியில் காற்று இல்லை. அதனால் மரம் சீக்கிரம் மக்கவில்லை. மணலின் ஊடே கசிந்த நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. அந்த நீர், மரம் உயிரோடிருந்தபோது தண்ணீர் ஏறிய அதே குழாய்கள், அதே கதவுகள் வழியாக உள்ளே புகுந்தது. செல் சுவர்களில் சிலிக்கா படிந்தது. பிறகு உள்வெளியும் நிரம்பியது. மரப்பொருள் மெல்ல மெல்ல அழிய, அதன் வடிவம் மட்டும் கல்லில் நின்றுவிட்டது.

அச்சு எவ்வளவு துல்லியமாக நின்றது தெரியுமா? கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்நோக்கியில் வைத்தால் அது எந்தக் குடும்பத்து மரம் என்றே சொல்லிவிடலாம். புகழ்பெற்ற தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி 1931-ல் வெளியிட்ட ஆய்வில், திருவக்கரைக் கல்மரங்களில் ஒன்றை ஊசியிலை மர வகையாக வகைப்படுத்தினார். ஊசியிலை மரம் விழுப்புரம் சமவெளியில்! இன்று தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை மர இனம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில்தான் இருக்கிறது.

இயற்கைக்கு அவசரம் இல்லை. ஆனால் சூடு சேர்ந்தால் இயற்கையும் அவசரப்படும். ஜப்பானின் தத்தேயாமா பகுதியில் சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஊற்று ஒன்றில் மரத்துண்டுகளைப் போட்டு வைத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 7 ஆண்டுகளிலேயே மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்கா ஏறியிருந்தது. மரத்தை மாற்ற வேண்டுமானால் பொருள் உள்ளே போக வழி வேண்டும், சூடு அந்த வேலையை வேகப்படுத்தும். இந்த இரண்டு பாடங்களும் பின்னால் வரப்போகும் கதைக்குத் தேவை.

பாட்டன் காலத்து வைத்தியம்

மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. வெட்டிய மரத்தைக் குளத்தில் ஊறப்போடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். மாதக்கணக்கில் ஊறினால் மரத்திலுள்ள சர்க்கரையும் மாவுச்சத்தும் கரைந்து போகும். பூச்சிக்குத் தீனி இல்லாமல் போய்விடும். மூங்கிலுக்கும் இதே வைத்தியம்தான். அடுப்புக்கு மேலே பரணில் புகை பட்ட கட்டைகள் உளுக்காமல் தலைமுறை தாண்டி நின்றதற்கும் காரணம் உண்டு. புகையும் சூடும் ஈரத்தை விரட்டின. புகைக்கரி பூச்சிக்குக் கசந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைத் தூணிலும் படகிலும் தடவுவார்கள். கையில் பட்டால் தோலைப் பொசுக்கும் அந்த எண்ணெயைக் கரையானும் தொடாது.

இவை எல்லாம் நல்ல முறைகள்தான். ஆனால் ஊறப்போடுவதற்கு மாதங்கள் வேண்டும். தடவும் எண்ணெய் மேல்தோலோடு நின்றுவிடும். பத்துத் தூணுக்கு இது சரி. பத்து லட்சம் கட்டைக்கு?

இரண்டாம் சாவி: அழுத்தம்

அந்தப் பத்து லட்சம் கட்டைத் தேவையைக் கொண்டுவந்தது ரயில். விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை 1879-ல் திறக்கப்பட்டது. கண்டமங்கலத்துக்குப் பக்கமாக இன்றும் ஓடுகிறதே, அதே வழித்தடம்தான். அந்தக் காலத்தில் உலகெங்கும் தண்டவாளத்தைத் தாங்கியவை பெரும்பாலும் மரக் கட்டைகள். ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் வேண்டும். மழையிலும் மண்ணிலும் கிடந்து அவை மக்கிவிடும். மாற்ற மாற்றக் காடு கரையும்.

இங்கிலாந்தில் ஜான் பெத்தல் என்பவர் 1838-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். பெரிய இரும்பு உருளைக்குள் கட்டைகளை அடுக்கிக் கதவை மூடுவார்கள். முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். மரக் குழாய்களில் இருக்கும் காற்றும் வெளியே வந்துவிடும். பிறகு நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த எண்ணெயை உள்ளே விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். எண்ணெய் மரத்துக்குள் ஆழமாக இறங்கும். இன்றும் உலகெங்கும் மரப் பதனத் தொழிற்சாலைகளில் இந்த உருளைதான் மூலப் பொறி.

ஆனால் தார் எண்ணெய் ஊறிய மரம் கறுத்து, நாறி, பிசுபிசுக்கும். ரயில் பாதைக்கு ஆகும். வீட்டு வாசலுக்கு ஆகுமா? தண்ணீரில் கரையும் உப்பு மருந்துகளைப் போட்டுப் பார்த்தார்கள். மரம் சுத்தமாக இருந்தது. ஆனால் ஒரு மழைக்காலம் போனால் மருந்தும் கழுவிக்கொண்டு போய்விடும்.

டேராடூனில் 1933

இங்கேதான் வருகிறார் சொண்டி காமேசம். 1906-ல் தொடங்கப்பட்ட டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் மரப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றியவர். 1933-ல் அவர் மூன்று பொருள்களைச் சேர்த்து ஒரு மருந்து செய்தார். செம்பு, பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக், அதாவது பாஷாணம், கரையானையும் வண்டையும் கொல்லும். இந்த இரண்டும் ஏற்கெனவே தெரிந்தவைதான். காமேசம் சேர்த்த மூன்றாவது பொருளில்தான் சூட்சுமம் இருந்தது. அது குரோமியம். மரத்துக்குள் போனதும் அது வேதிவினை புரிந்து, மற்ற இரண்டையும் தண்ணீரில் கரையாதபடி மரத்தோடு பிணைத்துவிடும். மழை பெய்தாலும் மருந்து போகாது!

ஆர்சனிக், செம்பு ஆகிய இரண்டின் வேதிக் குறியீடுகளையும் சேர்த்து இதற்கு "ஆஸ்கு" என்று பெயர் வைத்தார்கள். 1938-ல் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. தொலைபேசிக் கம்பங்கள், வேலிக் கம்பங்கள், படகுத்துறைகள், வீட்டுத் தாழ்வாரங்கள் என்று உலகம் முழுக்க இந்த மருந்து பரவியது. அமெரிக்கக் கடைகளில் பச்சை நிறம் ஏறிய பலகைகள் பல பத்தாண்டுகள் விற்றன. அந்தப் பச்சைக்குப் பின்னால் இந்தியர் ஒருவர் இருந்தார் என்பது அந்தப் பலகைகளை வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இந்தியாவிலும்தான் எத்தனை பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது?

கதை இங்கே சுபமாக முடியவில்லை. பாஷாணம் பாஷாணம்தான். பலகையைத் தொட்டு விளையாடும் குழந்தைகளின் கைகளில் ஆர்சனிக் ஒட்டுகிறது, பலகைக்கு அடியில் உள்ள மண்ணில் கசிகிறது என்ற கவலை எழுந்தது. 2003-ம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இதைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியமும் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த மரத்தை விறகாக எரித்தால் சாம்பலிலும் புகையிலும் நஞ்சு இருக்கும். பழைய கட்டையை அடுப்பில் வைக்கும் பழக்கம் உள்ள நம் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

போரான் சார்ந்த வெண்காரம், போரிக் அமிலம் போன்றவை மனிதருக்குப் பாதுகாப்பு அதிகம். கேரளத்தில் விறகாகப் போய்க்கொண்டிருந்த ரப்பர் மரம் மேசை நாற்காலியாக மாறியதற்கு இந்த மருந்தே முக்கியக் காரணம். விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் வரும் ஆரோவில்லின் மூங்கில் மையத்திலும் மூங்கிலை இப்படித்தான் பதப்படுத்துகிறார்கள். ஆனால் போரான் மழையில் கரைந்துவிடும். கூரைக்குக் கீழே உள்ள மரத்துக்கு மட்டும்தான் சரிப்படும்.

அழுத்தத்தாலும் முடியாத ஒன்று இருந்தது. வைரப்பகுதியின் மூடிய கதவுகள் அழுத்தத்துக்கும் திறக்கவில்லை. சில மர இனங்களில் நாள் முழுக்க அழுத்தினாலும் மருந்து சில மில்லிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். நடுவில் வெறும் மரம். வெளியே ஒரு வெடிப்பு விழுந்தால் கரையான் நேராக நடுவுக்குப் போய்விடும்.

கல்கத்தாவில் பிறந்த அலை

மூன்றாவது சாவியின் கதையும் ஒரு வகையில் இந்தியாவில்தான் தொடங்குகிறது. 1890களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சில மில்லிமீட்டர் அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். சுவரைத் தாண்டி அனுப்பிய அலையால் தூரத்தில் மணி அடிக்கவைத்து எல்லோரையும் வியக்கவைத்தார். இன்றைய மொழியில் அவை மைக்ரோவேவ் அலைகள். அதோடு நிற்கவில்லை. முறுக்கிய சணல் நார்க் கட்டின் வழியாக அந்த அலைகளை அனுப்பி, அவற்றின் திசை திரும்புவதை 1898-ல் வெளியிட்டார். தாவர நாரின் போக்கைப் பொறுத்து இந்த அலை வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்கு அதுவே ஆரம்பகாலச் சான்று.

1940-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் மேக்னட்ரான் என்ற கருவியைச் சக்தி வாய்ந்ததாக மாற்றினார்கள். எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காகச் செய்யப்பட்ட கருவி அது. 1945-ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் அதன் அருகில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகிவிட்டது. அந்த உருகலில் பிறந்ததுதான் மைக்ரோவேவ் அடுப்பு. 1947-ல் சந்தைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம் இருந்தது!

மரவேலைக்கு மின்காந்த அலை வந்தது அதற்கும் முன்பே. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் "மஸ்கிட்டோ" என்ற போர் விமானத்தைப் பெரும்பாலும் மரத்தாலேயே செய்தது. அதில் பசை சீக்கிரம் காய ரேடியோ அலைச் சூட்டைப் பயன்படுத்தினார்கள். மரத்தை வெளியிலிருந்து சுட்டால் பசைக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். அலை நேராக உள்ளே போய்ச் சூடாக்கும்.

உள்ளிருந்து சுடும் அடுப்பு

இது எப்படி நடக்கிறது? தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின்தன்மையும் மறுபக்கம் சற்று எதிர்மின்தன்மையும் கொண்டது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் மின்புலம் விநாடிக்கு 245 கோடி முறை திசை மாறி மாறி அடிக்கிறது. அதோடு திரும்பப் பார்த்துத் தண்ணீர் மூலக்கூறுகள் தள்ளாடி உரசுகின்றன. உரசினால் சூடு. இதில் கதிரியக்கம் எதுவும் இல்லை.

காய்ந்த மரம் இந்த அலையை அதிகம் உறிஞ்சாது. ஈரம்தான் உறிஞ்சும். மரத்தில் எங்கே ஈரம் அதிகமோ அங்கே சூடும் அதிகம். சாதாரணச் சூளையில் இதற்கு நேர் எதிர். சூடு வெளியிலிருந்து உள்ளே மெதுவாகப் போகும். மரம் சூட்டை எளிதில் கடத்தாது. (அதனால்தானே தோசைக்கரண்டிக்கு மரக் கைப்பிடி போடுகிறோம்!) மேல்பகுதி காய்ந்து சுருங்கும்போது உள்பகுதி ஈரமாகவே இருக்கும். இரண்டுக்கும் இழுபறி நடந்து பலகை வெடிக்கும், கோணிக்கொள்ளும். கனமான கட்டை காய மாதக்கணக்கில் ஆவது இதனால்தான்.

மைக்ரோவேவ் சூட்டில் மரம் வளையவும் செய்யும். ஈரமும் சூடும் சேர்ந்தால் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகும். ஜப்பானின் கியோத்தோவில் நோரிமோத்தோவும் உடன் பணியாற்றிய கிரிலும் மைக்ரோவேவால் மரத்தை வளைக்கும் ஆய்வை 1989-ல் வெளியிட்டார்கள். ஆவியில் வேகவைத்து வளைக்கும் பழைய முறைக்குத் தேவைப்பட்ட நேரம் இதில் வெகுவாகக் குறைந்தது.

மூன்றாம் சாவி: நீராவி

அடுத்த அடி ஆஸ்திரேலியாவில் வைக்கப்பட்டது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கிரிகோரி தோர்கோவ்னிகோவ், பீட்டர் விண்டன் என்ற இருவர் தலைமையில் ஒரு குழு வேலை செய்தது. மரத்தின் மின்காப்புப் பண்புகள் பற்றித் தோர்கோவ்னிகோவ் எழுதிய நூல் 1993-ல் வெளியானது. மைக்ரோவேவை மரம் காயவைக்கும் அடுப்பாக மட்டும் பார்க்காமல், மூடிய கதவுகளை உடைக்கும் கருவியாகப் பார்த்ததுதான் இந்தக் குழுவின் சிறப்பு.

ஈர மரத்தின் மீது சில விநாடிகளுக்குள் மிகச் செறிவான மைக்ரோவேவைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சட்டென்று நீராவியாகும். தண்ணீர் நீராவியாகும்போது திறந்த வெளியில் சுமார் 1,600 மடங்கு விரியும். மரக் குழாய்க்குள் விரிய இடம் ஏது? அழுத்தம் ஏறுகிறது. முதலில் செல்களுக்கு இடையே உள்ள மெல்லிய சவ்வுகள் கிழிகின்றன. சக்தியைக் கூட்டினால் பலவீனமான கதிர்ச் செல்கள் உடைந்து, பட்டையிலிருந்து நடுவரை பாதை திறக்கிறது. இன்னும் கூட்டினால் மரத்துக்குள் எண்ணற்ற நுண்ணிய பிளவுகள் தோன்றும். இரும்பு உருளை வெளியிலிருந்து உள்ளே தள்ளியது. இங்கே மரத்தின் சொந்த ஈரமே உள்ளிருந்து கதவை உடைத்துத் திறக்கிறது.

எவ்வளவு உடைப்பது என்பதுதான் சாமர்த்தியம். லேசாகத் திறந்தால் மரத்தின் வலு பெரிதாகக் குறையாது. மருந்து உள்ளே போகும். காய்வதும் வேகமாகும். நன்றாக உடைத்தால் மரம் பஞ்சு போல ஆகிவிடும். அப்படி ஆன மரத்துக்குத் "தோர்க்வின்" என்று பெயரிட்டார்கள். அதில் பிசினை ஊறவைத்து அழுத்தி இறுக்கினால் வருவது "விண்தோர்க்". இரண்டும் அந்த இரு ஆய்வாளர்களின் பெயர்த் துண்டுகளைச் சேர்த்துச் செய்த பெயர்கள். பிசின் நிரம்பி இறுகிய மரம் அசல் மரத்தைவிட உறுதியாக நிற்கும். சிலிக்காவுக்குப் பதில் பிசின் என்பதைத் தவிர, திருவக்கரையில் இயற்கை கையாண்ட வழியும் இதுவும் ஒன்றுதானே!

கப்பலேறும் வண்டு

மைக்ரோவேவுக்கு மரத்தில் இன்னொரு வேலையும் கிடைத்தது. சரக்குப் பெட்டிகளோடு உலகம் சுற்றும் மரச் சட்டங்களில் வண்டுகளும் சேர்ந்து பயணம் செய்கின்றன. 1996-ல் நியூயார்க்கில் ஆசிய வண்டு ஒன்று தெருவோர மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2002-ல் டெட்ராய்ட் பக்கம் மரகத நிற வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான மரங்களை அழித்துவிட்டது.

2002-ல் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் ஒரு விதி வந்தது. ஏற்றுமதிக்குப் போகும் மரப் பெட்டிகளை 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும், அல்லது மீத்தைல் புரோமைடு புகை போட வேண்டும். ஆனால் அந்தப் புகை ஓசோன் படலத்தைக் கெடுக்கும். 1987-ல் உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி குறைக்கப்பட வேண்டிய பொருள் அது. 2013-ல் மைக்ரோவேவும் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்டது. மரம் முழுவதும் 60 டிகிரி வந்து, ஒரு நிமிடம் நின்றால் போதும். வண்டுப் புழுவின் உடம்பில் ஈரம் அதிகம் என்பதும் இங்கே அனுகூலம்.

மின்கட்டணம் என்ன சொல்கிறது?

இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் மரவாடிக்கு மரவாடி மைக்ரோவேவ் இல்லை? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி முழுக்க ஆவியாக்கக் குறைந்தது 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்சாரத்தை மைக்ரோவேவாக மாற்றுவதிலும் ஒரு பகுதி வீணாகும். ஆக, லிட்டருக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கன மீட்டர் பச்சை மரத்திலிருந்து 200 லிட்டர் ஈரத்தை எடுக்க 200 யூனிட்! வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் இந்தக் கணக்கு எடுபடாது.

சிக்கல்கள் வேறும் உண்டு. அலை மரத்துக்குள் சமமாகப் பரவாது. ஓரிடம் அதிகம் சூடானால் வெளியே தெரியாமல் உள்ளே கருகிவிடும். வீட்டு அடுப்பில் மரத்துண்டைக் காயவைக்கப் போய் நெருப்புப் பிடிக்கும் ஆபத்து இதனால்தான். கனமான கட்டைகளுக்கு ஆழமாகப் போகும் 915 மெகாஹெர்ட்ஸ் அலை வேண்டும். அந்தப் பொறிகளுக்கு விலை அதிகம்.

ஆனால் மரத்தை முழுக்கக் காயவைக்காமல், சில விநாடிகள் கதவை மட்டும் திறந்துவிட்டு, மிச்சத்தை வெயிலிடம் விட்டால்? செலவு பெரிதும் குறையும். மெல்போர்ன் குழுவின் வழியில் நம் ஊருக்குப் பயன்படக்கூடிய பாடம் இதுதான்.

சவுக்குத் தோப்பின் பங்கு

இது ஏன் விழுப்புரத்துக்காரர்களுக்கு முக்கியம்? 1996-ல் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை போட்டது. அதற்கு முன்பே, 1993-ல், மத்தியப் பொதுப்பணித் துறை கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தது. அந்தத் தடை 2020-ல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நிலை, ஜன்னல், கதவு எல்லாம் இரும்பாகவும் பிளாஸ்டிக்காகவும் சிமெண்டாகவும் மாறிவிட்டன. இவை ஒவ்வொன்றையும் செய்ய எரிபொருள் எரிய வேண்டும். மரமோ காற்றிலுள்ள கரியை உள்ளே பூட்டி வைத்திருக்கும்.

காட்டுத் தேக்கை இனி நம்ப முடியாது. தோப்பு மரம்தான் கதி. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் சவுக்கு ஏராளமாகப் பயிராகிறது. சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வந்துவிடும். போகும் இடம்? சாரம் கட்ட, பந்தல் போட, காகித ஆலைக்கு, அடுப்புக்கு. இளமரம் என்பதால் வைரம் குறைவு. மண்ணில் நட்டால் அடிப்பகுதி சில ஆண்டுகளில் மக்கிவிடும். தைல மரம் காயும்போது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். டன் கணக்கில் எடை போட்டு விற்பதால் விவசாயிக்கு விறகு விலையை ஒட்டித்தான் கிடைக்கிறது.

கேரளத்து ரப்பர் மரம் விறகிலிருந்து நாற்காலியாக உயர்ந்தது ஒரு மருந்தாலும் ஒரு உருளையாலும்தான். அந்த மாற்றம் சவுக்குக்கும் மலைவேம்புக்கும் வர முடியாதா? பாஷாணம் இல்லாத மருந்து, சில விநாடி மைக்ரோவேவ், பிறகு நம் வெயில். மூன்றும் சேர்ந்தால் சாத்தியமா என்று சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடங்கள் இந்தியாவில் இருக்கின்றன. பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிலையம், கோவையில் வன மரபியல் நிலையம், மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி. மைக்ரோவேவைக் கல்கத்தாவில் உண்டாக்கிக் காட்டியவர் இந்தியர். மரத்துக்கு மருந்தை டேராடூனில் பூட்டி வைத்தவரும் இந்தியர்.

காமேசத்தின் மருந்து ஒரு எச்சரிக்கையையும் விட்டுச் சென்றிருக்கிறது. அது வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அபாரமாக வேலை செய்தது. எழுபது ஆண்டு கழித்துத்தான் அதன் விலை என்ன என்று உலகம் கணக்குப் பார்த்தது. புதிய சாவி எதுவானாலும், கதவைத் திறந்து உள்ளே எதை அனுப்புகிறோம், அந்த மரம் பழசாகி அடுப்புக்குப் போகும் நாளில் என்ன ஆகும் என்ற கேள்விகளை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். திருவக்கரையில் மரத்துக்குள் புகுந்தது வெறும் மணல் சத்து. 2 கோடி ஆண்டுகளாக அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.